எத்ருஸ்கத் தெய்வப் பெயர்கள்: கிரேக்கப் பெயருக்கு நேராகச் சமக்குறி இடலாமா?

#1 பழஞ்சுவடி

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியின் தொல்சமயங்களைப் பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்புக்குப் பெயரகராதி தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. கிரேக்க, உரோமப் பெயர்கள் தமிழ் வாசகர்களுக்கு ஓரளவு பழக்கமானவை. ஆனால் கட்டுரைகளில் பாதிக்கு மேல் எத்ருஸ்கர்களைப் பற்றியவை என்பதால், ரோமுக்கு வடக்கே வாழ்ந்த அம்மக்கள் தங்கள் தெய்வங்களையும் காவிய வீரர்களையும் அழைத்த பெயர்களே அகராதியின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கின்றன.

முதல் வரைவில் எளிய வழியில் போனேன். தினியா = ஜீயஸ் = ஜூபிடர்; ஊனி = ஹீரா = ஜூனோ; மென்ர்வா = அதீனா = மினர்வா; துரன் = அப்ரோடிட்டி = வீனஸ்; துர்ம்ஸ் = ஹெர்மிஸ் = மெர்குரி; செத்லன்ஸ் = ஹெபஸ்டஸ் = வல்கன்; ஃபுஃப்லுன்ஸ் = டயோனிசஸ் = பாக்கஸ்; நெத்துன்ஸ் = பொசைடன் = நெப்டியூன். வீரர்களுக்கும் அவ்வாறே: ஹெர்க்லே, அக்லே, மென்லே, பெர்சே என்று ஒரு வரிசை, அவற்றுக்கு எதிரே ஹெராக்ளீஸ், அகில்லீஸ், மெனலாஸ், பெர்சியஸ் என்று மற்றொரு வரிசை.

பட்டியல் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுரைகளைப் படிக்கப் படிக்க அந்தச் சமக்குறி உறுத்துகிறது. துர்ம்ஸுக்கு மேல் ஹெர்மிஸ் என்று எழுதும்போது நான் மொழிபெயர்க்கிறேனா அல்லது ஒருவர் முகத்தில் இன்னொருவர் முகமூடியை மாட்டுகிறேனா என்பது விளங்கவில்லை. இரண்டாவது ஐயம் எழுத்துக்கூட்டல் பற்றியது. சாருன் என்பதா, காருன் என்பதா என்பதிலிருந்தே அது தொடங்கிவிடுகிறது. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

#2 செம்பாடி

பழஞ்சுவடி அவர்களுக்கு, சமக்குறியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இப்பெயர்கள் எங்கிருந்து நமக்குக் கிடைத்தன என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. எத்ருஸ்கர்கள் எழுதிய புராணக் கதை நூல் ஒன்றுகூட எஞ்சவில்லை. நமக்குத் தெரிந்த பெயர்களில் மிகப் பெரும்பாலானவை வெண்கலக் கண்ணாடிகளின் பின்புறத்தில், வரையப்பட்ட உருவத்தின் தோளுக்கருகிலோ காலடியிலோ, இடம் கிடைத்த மூலையில் கீறப்பட்ட சிற்றெழுத்துகளே. சித்திரம் செதுக்கிய கண்ணாடிகள் சுமார் 3,000 கிடைத்துள்ளன. அவற்றில் ஒரு பகுதியில்தான் பெயர்கள் உண்டு.

ரோமிலுள்ள வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இத்தகைய கண்ணாடிகளின் முன் நின்றிருக்கிறேன். ஒரு சாண் அகலம்கூட இல்லாத வட்டம், பச்சைக் களிம்பு. எழுத்தே இல்லை என்று நினைத்து நகரப் போனவன், விளக்கொளி சாய்ந்து விழும்படி சற்றுக் குனிந்த பிறகுதான் கீறல்களைக் கண்டேன். கண்டும் படிக்க முடியவில்லை. எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடுகின்றன என்பது உறைக்கச் சில நொடிகள் ஆயின. அதன்பின் ஒரு பெண்ணுருவத்தின் அருகே து-ர-ன் என்று எழுத்தெழுத்தாக எழுந்து வந்தது.

இக்கண்ணாடிகள் பெரும்பாலும் பெண்களின் கல்லறைகளிலிருந்து வந்தவை. சிலவற்றின் மின்னும் முகப்பில் 'சுத்தினா' என்ற சொல்லைக் குறுக்கே பொறித்திருப்பார்கள். கல்லறைக்குரியது என்பது அதன் பொருள். இனி உயிரோடிருப்பவர் முகம் பார்க்க அது உதவாது. ஆகவே நாம் அகராதியில் ஏற்றும் ஒவ்வொரு பெயரும் ஒரு படத்தோடு ஒட்டிப் பிறந்தது. படத்தைவிட்டுப் பெயரை மட்டும் பிய்த்து எடுத்தால்தான் சமக்குறிச் சிக்கல் வருகிறது.

#3 கல்லெழுத்து

செம்பாடி படத்திலிருந்து தொடங்கினார். நான் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தங்கள் பட்டியலில் மூன்று வெவ்வேறு வகைப் பெயர்கள் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கின்றன.

கிரேக்கத்திலிருந்து நேராக வந்தவை முதல் வகை: அப்லு, அர்துமெஸ், ஹெர்க்லே, பாதாள அரசன் ஐத்தா, அவன் துணைவி பெர்சிப்னை. இவற்றில் பெயரும் ஆளும் சேர்ந்தே கடல் கடந்து வந்தனர் எனலாம். இரண்டாவது வகை, அண்டையில் வாழ்ந்த இலத்தீன், உம்பிரிய மக்களோடு பகிர்ந்துகொண்டவை. மென்ர்வா, நெத்துன்ஸ், ஊனி ஆகியவற்றை அவ்வகையில் சேர்ப்பதே பெரும்பாலோர் கருத்து. செல்வன்ஸ் என்னும் எல்லைத் தெய்வத்துக்கும் உரோமச் சில்வானுஸுக்கும் உள்ள உறவும் இத்தகையதே, ஆனால் யாரிடமிருந்து யார் பெற்றார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. (நம்மூர்ச் செல்வனுக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அந்த இழை ஒன்று தனியாகத் தொடங்கிவிடக் கூடாது.)

மூன்றாவது வகை எத்ருஸ்க மொழிக்கே உரியவை. 'தின்' என்றால் அம்மொழியில் பகல், நாள். அதுவே தினியாவின் பெயர். உசில் என்றால் சூரியன், தெசன் என்றால் விடியல். அச்சொற்களே சூரியக் கடவுளுக்கும் வைகறைத் தேவிக்கும் பெயராயின. ஃபுஃப்லுன்ஸின் பெயரைப் பொப்புலோனியா நகரின் பழம்பெயரான புப்லுனாவோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். இவர்கள் விஷயத்தில் கிரேக்கத்திலிருந்து வந்தது கதையும் உருவமும்தான். பெயர் உள்ளூரிலேயே இருந்தது. டயோனிசஸின் திராட்சைக் கொடியும் கோப்பையும் ஃபுஃப்லுன்ஸின் கையில் ஏறின. பிறகு எத்ருஸ்க நகரமான வுல்சியில் கிடைத்த கலப் பொறிப்புகளில் அவருக்கு 'பக்கியெஸ்' என்று ஒரு பின்னொட்டும் வந்து சேர்ந்தது, அது பாக்கஸே. ஒரே தெய்வத்துக்கு உள்ளூர்ப் பெயரும் வெளியூர்ப் பெயரும் அடுத்தடுத்து எழுதப்பட்டன என்றால், எழுதியவருக்கே அவை ஒன்றா இரண்டா என்று விளக்க வேண்டிய தேவை இருந்தது என்றுதான் நான் எண்ணுகிறேன்.

#4 பழஞ்சுவடி

மிக்க நன்றி. அப்படியானால் மாரிஸ்? வரைவில் மாரிஸ் = மார்ஸ் (உரோமப் போர்க்கடவுள்) என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டேன். ஒலி அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

#5 செம்பாடி

அந்த வரியை உடனே அடித்துவிடுங்கள். நான் பார்த்த ஒரு காட்சிப் பெட்டியின் விளக்க அட்டையிலும் அதே பிழை இருந்தது. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை.

மாரிஸ் என்ற பெயர் கண்ணாடிகளில் குழந்தைகளுக்கு அருகே வருகிறது. ஒன்றல்ல, அடைமொழியால் வேறுபடும் பல மாரிஸ்கள். மென்ர்வா ஒரு பெரிய கலத்தின் மேல் ஒரு மாரிஸ் குழந்தையைப் பிடித்திருக்கும் காட்சி ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளில் உள்ளது. உள்ளே விடுகிறாளா, வெளியே எடுக்கிறாளா, அது நீராட்டா வேறு சடங்கா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிரேக்கத்திலோ ரோமிலோ இதற்கு இணையான கதை இல்லை. ஈட்டியும் தலைக்கவசமுமாகப் போர்க்கோலத்தில் நிற்கும் இளைஞனுக்கு எத்ருஸ்கர் எழுதிய பெயர் லாரன். கிரேக்கப் போர்க்கடவுள் ஏரிஸுக்கு எதிரே எழுத வேண்டிய பெயர் அதுதான். ஆனால் ஒலியில் ஒற்றுமை துளியும் கிடையாது.

#6 தென்கரைவாசி

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கம் தேவைதானா? எத்ருஸ்கர்கள் கிரேக்கப் பானைகளைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள், அவற்றிலிருந்த படங்களைப் பார்த்தார்கள், தமக்குத் தெரிந்த அளவில் திரும்ப வரைந்தார்கள். இடையிடையே கதை புரியாமல் தவறாக வரைந்தார்கள். புரியாமல் வரைந்ததற்கெல்லாம் உள்ளூர்ச் சமயம் என்று பெயர் சூட்டுவது சற்று மிகையாகத் தோன்றுகிறது. சமக்குறி இருக்கட்டும் என்பதே என் கருத்து.

#7 செம்பாடி

தென்கரைவாசி அவர்களுக்கு, பழைய அறிஞர்கள் பலரும் அவ்வாறே எழுதினார்கள். ஆனால் வொல்தெர்ராவில் கிடைத்து இப்போது ஃபுளோரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள கண்ணாடியை என்ன செய்வது?

அதில் ஊனி அமர்ந்திருக்கிறாள். தாடி வளர்ந்த முழு ஆண்மகனாகிய ஹெர்க்லே அவள் முன் குனிந்து பால் அருந்துகிறான். மற்றத் தெய்வங்கள் சாட்சிகளைப் போலச் சுற்றி நிற்கின்றன. கிரேக்கக் கதையில் ஹீரா ஹெராக்ளீஸின் சிற்றன்னை, விடாது துன்புறுத்துபவள். தெரியாமல் பாலூட்ட நேர்ந்தபோதும் கைக்குழந்தையாக இருந்தவனை உதறிவிடுகிறாள். எத்ருஸ்கக் கலைஞர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று இங்கே சொல்ல இயலாது, ஏனெனில் படத்துக்குள்ளேயே ஒரு பலகையை வரைந்து அதில் விளக்கமும் எழுதியிருக்கிறார். அதில் 'ஹெர்க்லே ஊனியல் கிளன்' என்ற சொற்கள் ஐயமின்றிப் படிக்கப்படுகின்றன. கிளன் என்றால் மகன். ஊனியல் என்பது ஊனிக்கு ஆறாம் வேற்றுமை. ஊனியின் மகன் ஹெர்க்லே. வளர்ந்தவனை மகனாக ஏற்கும் சடங்கு எல்லோர் முன்னிலையிலும் நடக்கிறது என்றே இதைப் பொருள்கொள்கிறார்கள்.

இன்னொரு கண்ணாடியில் ஹெர்க்லே எபியுர் என்னும் சிறுவனைத் தினியாவிடம் கொண்டுவந்து காட்டுகிறான். யார் இந்த எபியுர்? கிரேக்கத்தில் அப்படி ஒருவனே இல்லை. பானையில் பார்த்துத் தவறாக நகலெடுப்பதற்கு, பானையில் அப்படி ஒரு படம் முதலில் இருந்திருக்க வேண்டுமல்லவா?

#8 கல்லெழுத்து

செம்பாடி 'கிளன்' என்ற சொல்லை எடுத்ததால் அதன் பன்மையையும் காட்டிவிடுகிறேன். ஏதென்ஸில் செய்யப்பட்டு, ஓல்தோஸ் என்னும் ஓவியர் தீட்டிய ஒரு பெரிய கோப்பை எத்ருஸ்க நகரமான தார்க்குவினியாவுக்கு வந்து சேர்ந்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 510. கோப்பையின் மேல் கிரேக்க எழுத்தில் கிரேக்கத் தெய்வங்களின் பெயர்கள் உள்ளன. அதன் பாதத்திலோ எத்ருஸ்க மொழியில் 'இதுன் துருக்கே வெனெல் அதெலினஸ் தினஸ் கிளினியரஸ்' என்று கீறியிருக்கிறார்கள். இதை வெனெல் அதெலினஸ் தினியாவின் மைந்தர்களுக்கு அளித்தார் என்பது பொருள்.

தினியாவின் மைந்தர் என்றது காஸ்டர், போலக்ஸ் என்னும் இரட்டையரை. கிரேக்கத்தில் அவர்களை ஜீயஸின் பிள்ளைகள் என்னும் பொருளில் தியோஸ்குரோய் என்று அழைத்தனர். எத்ருஸ்கர்கள் அந்தத் தொடரை அப்படியே தம் சொற்களால் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். அதே இரட்டையரின் தனிப்பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் ஒலிமாற்றிக் கஸ்துர், புல்துக்கே என்று எழுதினார்கள். ஒரே கதைமாந்தருக்குள் இரண்டு வழிமுறைகள்! தென்கரைவாசி சொல்வதுபோல் புரியாமல் நகலெடுத்தவர்கள் இதைச் செய்திருக்க முடியாது. பானையை வாங்கியவருக்கு அதிலிருந்த கதையும் தெரியும், அதைத் தம் மொழியில் எப்படிச் சொல்வது என்பதும் தெரியும்.

#9 ஓலைக்கணக்கன்

எழுத்துக்கூட்டல் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லையே என்று காத்திருந்தேன். ஒலிமாற்றத்தின் விதிகள் தெரிந்தால் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எத்ருஸ்க மொழியில் ஒகரம் இல்லை. க, த, ப ஆகியவற்றின் மெலிந்த, அதிரும் ஒலிகளும் இல்லை. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மர்சிலியானா தந்தப் பலகையின் விளிம்பில் கிரேக்கரிடமிருந்து பெற்ற 26 எழுத்துகளும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. தேவையில்லாத ஓ, பீட்டா, டெல்டா எல்லாம் அதில் உண்டு; நெடுங்கணக்கில் வைத்திருந்தார்கள், எழுத்தில் பயன்படுத்தவில்லை. எனவே அப்பல்லோ என்பது அப்லு ஆகிறது, பாலிடியூசிஸ் என்பது புல்துக்கே ஆகிறது. ஆண்பெயர்களின் கிரேக்க ஈறு பெரும்பாலும் எகரமாகச் சுருங்கும்: பெர்சியஸ் பெர்சே, பீலியஸ் பெலே, டைடியஸ் துத்தே.

இதன்மேல் இன்னொரு மாற்றமும் வந்தது. சொல்லின் முதலசையில் அழுத்தம் கூடக் கூட, கி.மு. 5ஆம் நூற்றாண்டிலிருந்து இடையிலுள்ள உயிர்கள் தேய்ந்து மறைந்தன. மெனெர்வா என்று பழைய பொறிப்புகளில் இருப்பது பிற்காலத்தில் மென்ர்வா. அகமெம்னான் அக்மெம்ருன் ஆனார். கிளைடெம்னெஸ்ட்ரா க்ளுத்ம்ஸ்தா ஆனாள். பாரிஸின் மறுபெயரான அலெக்சாண்ட்ரோஸ் எல்க்ஸ்ந்த்ரே ஆனது. ஐந்து மெய்களை அடுக்கி எழுதத் தமிழ்த் தட்டச்சுக்கே மூச்சு வாங்குகிறது. விபீஷணனை வீடணன் ஆக்கிப் பழகிய நமக்கு, அயல்பெயரைத் தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் இந்த உறுதி விசித்திரமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன்.

இனிச் சாருன் பற்றி. ஆங்கில நூல்களில் அப்பெயரைச் 'சிஎச்' இட்டு எழுதுவதால் நம்மவர் சகரம் போட்டுவிடுகிறார்கள். அது கிரேக்கக் 'கி' எழுத்து. மூச்சு கலந்த ககரம். ஆகவே கருன், கல்கஸ், அக்லே என்பவையே சரி. அதேபோல் ஆங்கிலத்தில் 'பிஎச்' என்று எழுதப்படுவது மூச்சு கலந்த பகரமே. பெர்சே என்று எழுதினால் போதும், ஆய்தம் வேண்டாம். ஆய்தத்தை ஃபுஃப்லுன்ஸுக்காகச் சேமித்து வையுங்கள். உண்மையான 'ஃப' ஒலிக்கு எத்ருஸ்கர்கள் எண் 8 போன்ற தனி எழுத்தே வைத்திருந்தார்கள்.

உயிர்களுக்கு நடுவே தகரமும் ககரமும் நம் வாயில் நெகிழ்ந்துவிடும் என்பதால் ஐத்தா, நெத்துன்ஸ், புல்துக்கே என இரட்டித்து எழுதுவது நலம். ஒரே இடத்தில் மட்டும் நாம் தோற்கிறோம். அலெக்சாண்ட்ரோஸின் அதிரும் ஒலியை எத்ருஸ்கர் வல்லொலியாக்கினர். எல்க்ஸ்ந்த்ரே என்று நாம் எழுதிப் படிக்கும்போது, நகரத்தை அடுத்த தகரம் நம் இயல்புப்படி அதிர்ந்து, கிரேக்கத்துக்கே திரும்பிவிடுகிறது.

#10 தென்கரைவாசி

ஊனியல் கிளன் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் தெய்வங்களுக்குப் பொருந்துவது வீரர்களுக்குப் பொருந்தாது என்று இப்போதும் நினைக்கிறேன். பெர்லினில் உள்ள, நகத்தளவே ஆன ஸ்டோஷ் மணிக்கல்லில் தீபஸை எதிர்த்த எழுவரில் ஐவரைச் செதுக்கியிருக்கிறார்கள். புல்னிக்கே, துத்தே, அம்ப்தியரே, அத்ரெஸ்தே, பர்தனபயெஸ் என ஐவருக்கும் பெயர் உண்டு. ஐவரும் கிரேக்கக் கதையின் மாந்தர்களே. வீரர்களுக்காவது சமக்குறி இடலாமே?

#11 செம்பாடி

பெயர்களைப் பொறுத்தவரை இடலாம். மனிதர்களுக்கு உள்ளூர்ப் பெயர் இல்லை. அக்லேயின் பின்னால் வேறு எந்த எத்ருஸ்க வீரனும் மறைந்திருக்கவில்லை. ஆனால் அந்த வீரர்கள் வந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

வுல்சியில் 1857-இல் கண்டெடுக்கப்பட்ட பிரான்சுவா கல்லறையின் சுவரோவியம் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பட்ரோக்ளஸின் ஈமச்சடங்கில் அகில்லீஸ் டிராய்க் கைதிகளைப் பலியிடுவது காட்சி. ஹோமரின் இலியட்டில் உள்ளதுதான். அக்லே வாளைக் கைதியின் கழுத்தில் பாய்ச்சுகிறான். அவனுக்குப் பின்னால் விரித்த சிறகுகளோடு வந்த் என்னும் பெண் தெய்வமும், மறுபுறம் நீலம் பாய்ந்த தோலும் கையில் சுத்தியலுமாகக் கருனும் நிற்கிறார்கள். ஹோமரில் இவ்விருவருக்கும் இடமே இல்லை. கருனின் பெயர் கிரேக்கக் கேரோனிலிருந்து வந்தது உண்மை. ஆனால் கேரோன் துடுப்புப் பிடித்த ஓடக்காரர். கருனிடம் இருப்பது சுத்தியல். தார்க்குவினியாவில் ஒரு கல்லறையில் போலி வாயில்களின் இருபுறமும் நான்கு கருன்கள் காவல் நிற்கிறார்கள். பெயரோடு அடைமொழியும் எழுதப்பட்டுள்ளது. அப்படியானால் அது ஓர் ஆளின் பெயரா, ஒரு வகையினரின் பெயரா?

பிரான்சுவா கல்லறையில் இன்னொருவரும் நிற்கிறார்: காயங்களில் கட்டுகளோடு, தனக்காக நடக்கும் பலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இறந்தவர். அவருக்கு மேல் 'ஹிந்தியல் பத்ருக்லெஸ்' என்று எழுதியிருக்கிறது. ஹிந்தியல் என்பதற்கு ஆவி என்றும், கண்ணாடியில் தெரியும் உருவம் என்றும் பொருள் கூறுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் தேவைப்படும். தமிழில் நிழல் என்று எழுதினால் போதும். நீரில் தெரியும் பிம்பத்தையும் நாம் நிழல் என்றுதான் சொல்லிவந்தோம். அகராதியில் 'பத்ருக்லேயின் நிழல்' என்று இடுமாறு பரிந்துரைக்கிறேன்.

எதிர்ச்சுவரில் யார் தெரியுமா? வுல்சியின் சொந்த வீரர்கள். மக்ஸ்த்ர்னா தன் தோழன் கைலே விபினஸின் கட்டை அறுக்கிறான். மற்றவர்கள் எதிரிகளைக் கொல்கிறார்கள். அவர்களுக்கும் இதே எழுத்தில், இதே முறையில் பெயர் எழுதியிருக்கிறது. டிராய் ஒருபுறம், வுல்சி மறுபுறம். இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்கவே அந்த அறை அமைக்கப்பட்டது. அக்லே இங்கே வெறும் அகில்லீஸ் அல்லர்.

#12 கல்லெழுத்து

சமக்குறியை எத்ருஸ்கர்களே இட்ட ஓர் இடமும் உண்டு என்பதால் அதையும் பதிகிறேன். செர்வெத்தெரியின் துறைமுகமான பிர்ஜியில் 1964-இல் மூன்று பொன்தகடுகள் சுருட்டிய நிலையில் கிடைத்தன. காலம் ஏறத்தாழ கி.மு. 500. இரண்டில் எத்ருஸ்கம், ஒன்றில் பினீசியம். நகரின் ஆட்சியாளர் தெஃபரியே வெலியனஸ் ஒரு பெண் தெய்வத்துக்குச் செய்த காணிக்கையை அவை பதிகின்றன. பினீசியத் தகட்டில் அத்தெய்வம் அஸ்டார்ட்டே; எத்ருஸ்கத் தகட்டில் ஊனி. நாம் ஹீராவுக்கும் ஜூனோவுக்கும் நேராக எழுதிவைத்திருக்கும் அதே ஊனி! பினீசியர் நிறுவிய கார்த்தேஜோடு உறவு பேண வேண்டியிருந்த அரசருக்கு அவள் அஸ்டார்ட்டேயாகத் தெரிந்தாள். சமக்குறி என்பது யார், யாரிடம், எதற்காகப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பியாசென்சா அருகே 1877-இல் உழும்போது அகப்பட்ட வெண்கல ஈரலையும் மறக்க வேண்டாம். ஆட்டின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்வோருக்கான மாதிரி அது. அதன் விளிம்பு வானத்தைப்போல் 16 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் தெய்வப் பெயர்கள் உள்ளன. தின், ஊனி, நெத் (நெத்துன்ஸ்), ஃபுஃப்லுன்ஸ், செல்வன்ஸ், ஹெர்க்லே இருக்கிறார்கள். கண்ணாடிகளில் ஓயாமல் வரும் மென்ர்வா, துரன், அப்லு ஆகியோரைக் காணோம். அவர்களுக்குப் பதிலாக லெதம், த்லுஸ்க்வ், கிலென்ஸ் என்று எந்தக் கிரேக்கருக்கும் நேராக எழுத முடியாத பெயர்கள். கண்ணாடியின் கதையுலகமும் பூசாரியின் வானமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை.

#13 ஓலைக்கணக்கன்

சிறு இணைப்பு. உரோமப் பெயர்கள் சிலவற்றுக்கு எத்ருஸ்கமே வழி. பாலிடியூசிஸ் போலக்ஸ் ஆனது புல்துக்கே வழியாக என்று கொள்கிறார்கள். கனிமீட் என்னும் அழகிய சிறுவனின் பெயர் கத்மித்தே ஆகி, இலத்தீனில் கதமிதுஸ் என்று நாடகாசிரியர் பிளாட்டஸிடம் வருகிறது. பின்னாளில் அது இழிபொருள் கொண்டு ஆங்கிலம்வரை போய்விட்டது. எனவே தங்கள் அகராதியில் எத்ருஸ்கப் பெயரைக் கடைசியில் வைப்பதைவிட, கிரேக்கத்துக்கும் உரோமத்துக்கும் நடுவில் வைப்பது பொருத்தம்.

#14 பழஞ்சுவடி

அனைவருக்கும் நன்றி. சமக்குறியை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பதிவிலும் பெயரின் தோற்றம் முதலில், எந்தக் கிரேக்க உருவத்தின் கதைகளை ஏற்றது என்பது அடுத்து, ஏற்காதது எது என்பது மூன்றாவது. ஒரு மாதிரி:

கருன். கிரேக்கக் கேரோனிலிருந்து வந்த பெயர். சுத்தியல் ஏந்திய பாதாள வாயிற்காவலர், ஓடமோட்டுபவர் அல்லர். ஒன்றுக்கு மேற்பட்டோர் ஒரே காட்சியில் வரலாம்.

இன்னும் ஒரே ஒரு தொல்லை. பிழை திருத்துபவர் துரனையும் தெசனையும் ஆண்கள் என்று எண்ணி, 'துரன் அவனது அன்னத்தோடு' என்று திருத்தி அனுப்பிவிட்டார். பெயர் னகர ஒற்றில் முடிந்தால் தமிழர் கண்ணுக்கு ஆணாகத்தானே தெரியும்? பெண்பால் ஈறு சேர்த்துத் 'துரனாள்' என்று ஆக்கிவிடலாமா?

#15 கல்லெழுத்து

வேண்டாம். எத்ருஸ்க மொழியில் இலக்கணப் பால் இல்லை. துரன், லாரன் இரண்டும் ஒரே ஓசையில் முடிந்தாலும் ஒருவர் பெண், ஒருவர் ஆண். பெயருக்குப் பக்கத்தில் 'பெண் தெய்வம்' என்று எழுதிவிடுங்கள். அன்னத்தின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள, துரனும் அதுனிஸும் (கிரேக்க அடோனிஸ்) தழுவி நிற்கும் கண்ணாடியில் அருகிலிருக்கும் அன்னத்துக்கு 'துஸ்னா' என்று எழுதியிருக்கிறது.

#16 செம்பாடி

தல்னா என்ற பெயருக்கு மட்டும் ஆணா பெண்ணா என்று குறிக்கும் அந்த இடத்தை நிரப்ப வேண்டாம். பொலோஞ்ஞாவில் உள்ள கண்ணாடியில், செத்லன்ஸ் கோடரியோடு நிற்க, தினியாவின் தலையிலிருந்து மென்ர்வா ஆயுதத்தோடு வெளிவரும்போது, தனர் என்பவளோடு சேர்ந்து பேறு பார்க்கும் பெண் அவள். வேறு சில கண்ணாடிகளில் அதே பெயர் ஓர் இளைஞனுக்கு அருகே எழுதப்பட்டுள்ளது. பிழை திருத்துபவர் கேட்டால் இரண்டு கண்ணாடிகளின் படங்களையும் அனுப்பிவிடுங்கள்.